தராசு வைத்த குசினி

எங்கள் குசினிக்குள் தராசு வந்த நாளிலிருந்து என் மனைவி அதைக் குசினி என்று சொல்வதை விட்டுவிட்டாள். "சங்கக்கடை திறந்தாச்சோ?" என்றுதான் காலையில் கேட்பாள். நான் கனகராயன்குளத்துப் பக்கத்தில் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வுபெற்றவன். அரிசி, மா, சீனி, பருப்பு என்று எதையும் நிறுக்காமல் ஒருவருக்கும் கொடுத்ததில்லை. கூடக் கொடுத்தாலும் பிழை, குறையக் கொடுத்தாலும் பிழை. அந்தப் பழக்கத்தோடு ஒருவன் வீட்டுச் சமையலைக் கையில் எடுத்தால் வேறென்ன நடக்கும்?

எடுத்ததற்குக் காரணம் அவளுடைய இடது காலின் சின்ன விரல். நெல் அருவி வெட்டி, அறுவடை முடிந்த வயலில் அடிக்கட்டை குத்திய காயம். அவள் அதைப் பெரிதுபடுத்தாமல் மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டு திரிந்தாள். காயம் ஆறவில்லை, கறுத்தது. வவுனியாவுக்குக் கொண்டுபோன பிறகுதான் அவளுக்குச் சீனி வருத்தம் இருப்பதும், அது கனகாலமாக உள்ளே இருந்து வேலை பார்த்திருப்பதும் தெரியவந்தது. விரலை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு விடும்போது டொக்டர் எங்கள் இருவரையும் இருத்தி வைத்துச் சொன்னார்.

"ஐயா, மருந்து பாதி, சாப்பாடு பாதி. சாப்பாட்டைக் கவனிக்காட்டில் அடுத்தது பாதம். பிறகு கண், கிட்னி எண்டு போகும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் கட்டுப்போட்ட காலை உடுப்புப் பையின் மேல் வைத்துக்கொண்டு வந்தாள். புளியங்குளம் சந்தியில் பஸ் நின்றது. ரோட்டோரத் தேத்தண்ணிக் கடையில் வாழைப்பழமும் சீனியும் பிசைந்து வாய்ப்பன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். "இனி உதெல்லாம் எட்ட நிண்டு பாக்கத்தான்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் உயிர் இருக்கும்வரை இவளில் இன்னொரு துண்டு வெட்ட விடுவதில்லை என்று அந்தச் சந்தியில் வைத்துத்தான் முடிவெடுத்தேன்.

அதுவரை நான் குசினிக்குள் போனது தண்ணீர் குடிக்க மட்டுமே. அவள் சமைத்தாள், நான் சாப்பிட்டேன், குறை சொன்னேன். உப்புக் காணாது, புளி கூடிப்போச்சு, சொதி திரைஞ்சு போச்சு. எங்கள் சாப்பாடு எல்லாரையும் போலத்தான். கோப்பை நிறையச் சோறு, தேங்காய் முதற்பால் விட்ட கறி, ஒரு பொரியல், பின்னேரம் மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி. சாப்பிட ஒன்றுமில்லாமல் இருந்த காலங்களும் உண்டு. இடம்பெயர்ந்து திரிந்தபோது சீனியைக் கண்ணாலும் காணவில்லை. பனங்கட்டித் துண்டை உடைத்து ஆளுக்கொரு சில்லு வைத்துக்கொண்டு, வெறுந் தேத்தண்ணியோடு கடித்துக் கடித்துக் குடிப்போம். அவள் தன் சில்லைப் பாதி கடித்துவிட்டு மிச்சத்தை மகளின் கையில் வைத்துவிடுவாள்.

பிறகு ஊர் திரும்பினோம். வீட்டைக் கட்டினோம். வயல் விளைந்தது. மாங்குளம் சந்திக் கடைகளில் சாமான் வழிந்தது. இனி ஆசைதீரச் சாப்பிடலாம் என்று இருந்தபோது அவளுக்கு வாய்க்கட்டுப்பாடு வந்து சேர்ந்தது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபந்தான் வரும். யாரோடு கோபிக்கிறது என்று தெரியாததால் அந்தக் கோபத்தை நான் சமையலில் காட்டினேன்.

முதல் கிழமையே விதிகள் போட்டேன். சோறு ஒரு சின்னப் பேணி, அதுவும் குத்தரிசி. கோதுமை மாவுக்குப் பதில் குரக்கன். கறிக்கு முதற்பால் இல்லை, கடைசிப் பால் மட்டும். பொரியல் இல்லை. பாவற்காய், கோவைக்காய், முருங்கையிலை, வல்லாரை. உப்பு, எண்ணெய், தேங்காய்ப்பூ எல்லாம் தராசில் ஏறி இறங்கித்தான் சட்டிக்குள் போகவேண்டும். அவளுக்குக் குசினி வாசலில் ஒரு கதிரை போட்டுக் கொடுத்தேன். அதில் இருந்துகொண்டு காலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். "அடுப்பைக் குறையுங்கோ, அடிப்பிடிக்கப் போகுது" என்பாள். "நீர் பேசாமல் இரும்" என்பேன். அடிப்பிடித்துவிடும்.

முதல் நாள் நான் அவித்த குரக்கன் பிட்டு, நீத்துப்பெட்டியைத் தட்டியதும் கல்லுக் கல்லாக உருண்டது. "உதாலை எறிஞ்சால் வயலுக்கை நிக்கிற மாடெல்லாம் ஓடும்" என்றாள். ஆனால் கோப்பையில் போட்டதை ஒன்றும் மிச்சம் விடாமல் சாப்பிட்டு முடித்தாள்.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாயிருக்கு."

அதை நான் நம்பினேன். சமைத்துப் போட்டவரின் முகத்துக்கு நேரே சாப்பாட்டைக் குறை சொல்வது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த மரியாதை பெண்சாதி சமைத்த சாப்பாட்டுக்குக் கிடையாது, அவ்வளவுதான். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று அவளுக்கு எத்தனையோ தரம் சொன்னவன் நான். அதை எனக்குத் திருப்பிச் சொல்ல அவளுக்கு நாளுக்கு மூன்று வேளையும் வாய்ப்பு இருந்தது. ஒருநாளும் சொல்லவில்லை.

அயலட்டைக்கு நல்ல பகிடி கிடைத்தது. கோயில் மடைப்பள்ளியில் ஆம்பிளைகள் சமைக்கலாம், கலியாண வீட்டில் கிடாரத்துக்குள் அகப்பை விட்டுத் துழாவலாம், அது பெருமை. வீட்டுக் குசினியில் நின்றால்தான் சிரிப்பு. "மனேச்சர் ஐயா சேலை கட்டுறதுதான் மிச்சம்" என்று வாசிகசாலையடியில் ஒருவர் சொன்னார். "உங்கடை வீட்டிலையும் ஒரு விரல் போகட்டும், நீங்களும் கட்டுவியள்" என்றேன். அதற்குப் பிறகு என் முகத்துக்கு முன்னால் யாரும் பகிடி விடவில்லை. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவி ஏசினாள். "ஏனப்பா, சும்மா இருக்கிற சனத்தின்ரை விரலை இழுக்கிறியள்?" என்றாள்.

வீடியோ போடச் சொன்னது கனடாவில் இருக்கிற மகள். நான் தராசில் முருங்கையிலை நிறுப்பதை அவள் ஒருநாள் போனில் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "அப்பா, இதை எடுத்துப் போடுங்கோ. இஞ்சை வீட்டுக்கு வீடு சீனிதான். எங்கடை சாப்பாட்டை எப்பிடிக் குறைச்சுச் சாப்பிடுறது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள். அவளே இணையத்தில் ஒரு பக்கத்தைத் தொடக்கித் தந்தாள். எடுப்பது எப்படி, போடுவது எப்படி என்று அவள் சொல்லச் சொல்லத் தாய் கேட்டுப் பழகினாள். போன் பிடிப்பது மனைவியின் வேலையாயிற்று.

வாசல் கதிரையில் இருந்தபடி எடுப்பாள். என் முகம் தெரியாது. கையும் தராசும் சட்டியும் தெரியும். அவளுக்குக் கை உளைந்தால் படம் மெல்ல மேலே போய்க் கூரை ஓட்டைக் காட்டும். எல்லாம் முடிந்து இறக்கி வைத்த பிறகு அவளுடைய கை மட்டும் படத்துக்குள் வந்து ஒரு வாய் எடுக்கும். கொஞ்சம் பொறுத்து, "நல்லாயிருக்கு" என்ற குரல் கேட்கும். அதோடு வீடியோ முடியும். நாங்கள் திட்டம் போட்டுச் செய்ததல்ல, அப்படியே அமைந்துவிட்டது. சனத்துக்கு அதுதான் பிடித்தது. மட்டக்களப்பிலிருந்து, பாரிசிலிருந்து, முகந்தெரியாத ஆட்கள் எழுதினார்கள். 'அம்மா குடுத்து வைச்சவா.' 'இப்பிடி ஒரு மனிசன் கிடைக்க அம்மா புண்ணியம் செய்திருக்க வேணும்.' அவள் அவற்றை எனக்கு வாசித்துக் காட்டுவாள். நான் அசட்டை செய்வதுபோல அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்பேன்.

கேள்விகளுக்குப் பதில் எழுதுவது நான். 'ஐயா, சீனிக்குப் பதில் சக்கரைக் கட்டி போட்டால் பிழையில்லைத்தானே?' என்று ஒருவர் கேட்பார். 'தேன் இயற்கையானதுதானே?' என்று இன்னொருவர். சீனி எந்த வேசம் போட்டுக்கொண்டு வந்தாலும் சீனிதான் என்று எழுதுவேன். சிலபேருக்குக் கொஞ்சம் காரமாகவே எழுதியிருக்கிறேன். "முன்பின் தெரியாத ஆக்களோடை கொழுவாதேங்கோ" என்று மனைவி சொல்வாள். ஆனால் என் ஏச்சும் சனத்துக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் அப்பாவையும் ஒருக்கால் ஏசி விடுங்கோ என்று கேட்டு எழுதியவர்களும் உண்டு.

அதிகம் பேர் பார்த்தது ஆடிப்பிறப்புக்குப் போட்ட கொழுக்கட்டை. ஆடிப்பிறப்புக்கு எங்கள் வீடுகளில் கூழும் கொழுக்கட்டையும் இல்லாமல் முடியாது. வருத்தக்காரர் அன்றைக்கு என்ன செய்வது? குரக்கன் மாவில் மேற்கோது, உள்ளே வறுத்து அவித்த பயறு, தேங்காய்ப்பூ கொஞ்சம், சக்கரை எங்கள் வீட்டில் வழக்கமாகப் போடுவதில் பாதி. ஆளுக்கு ஒன்றுதான். அந்த வீடியோவில் மனைவி கடித்த பிறகு வழக்கத்தைவிடக் கூட நேரம் பேசாமல் இருந்தாள். பிறகுதான் "நல்லாயிருக்கு" என்றாள். "அம்மா ரசிச்சுச் சாப்பிடுறா" என்று மகள் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு எந்த நல்லநாளுக்கும் அந்தக் கொழுக்கட்டைதான்.

முதல் இரண்டு வருசமும் சீனி இறங்கியது. கிளினிக்கில் இரத்தம் சோதித்த துண்டைப் பார்த்து டொக்டர் தலையாட்டினால் எனக்கு வயலில் நல்ல விளைச்சல் கண்ட சந்தோசம். பஸ்ஸில் அவளிடம் அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப வாங்கிப் பார்ப்பேன். மூன்றாம் வருசம் அது மெல்ல ஏறத் தொடங்கியது. நான் சாப்பாட்டை இன்னும் குறைத்தேன். அது இன்னும் ஏறியது.

கடையில் இருப்புக் குறைந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். முப்பது வருசம் அப்படித்தான் யோசித்துப் பழகியவன் நான். "எங்கை, என்ன சாப்பிட்டனீர்?" என்று கேட்டேன்.

"உங்கடை கையாலை தந்ததைத் தவிர ஒண்டும் வாயிலை வைக்கேல்லை."

"நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டை போனனீர்."

"போனன். சீனியில்லாமல்தான் தேத்தண்ணி தந்தவை."

நான் நம்பவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுப் படி ஏறினால் ஏதாவது குடிக்காமல் இறங்க விடமாட்டார்கள். தேத்தண்ணியைச் சீனி போடாமல் ஒருவருக்குக் கொடுப்பது வாவென்று கூப்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்புவது போல. சீனி வருத்தம் என்று சொன்னாலும், "ஒரு நாளைக்குத்தானே, ஒரு துளி போட்டனான்" என்று கையில் திணிப்பார்கள். அன்பு அப்படித்தான் வரும். அதனால், "நீர் அயலிலை ஒருத்தற்றை வீட்டையும் போக வேண்டாம். குடிக்காட்டில் அவை மனம் நோவினம், குடிச்சால் உமக்குக் கூடாது" என்றேன். பின்னேரங்களில் நாலு வீட்டுக்குப் போய்க் கதைத்துவிட்டு வருகிற மனிசி அவள். சரியென்று விட்டுவிட்டாள். வந்து கூப்பிட்ட பெண்களிடம் கால் உளைவு என்று சொன்னாள். மெல்ல மெல்ல அவர்களும் கூப்பிடுவதை விட்டார்கள். அதன் பிறகும் நான் அவள் தேத்தண்ணி குடித்து வைத்த பேணியை எடுத்து மணந்து பார்த்ததுண்டு.

டொக்டர்தான் ஒருநாள் சொன்னார். "சாப்பாட்டிலை ஒரு பிழையும் இல்லை ஐயா. அம்மா நல்ல கட்டுப்பாடாத்தான் இருக்கிறா. வருத்தம் பழசு, அதுதான். கிட்னியும் இப்ப பலவீனம்." அதோடு புது விதிகள் வந்தன. நான் நல்லது என்று தேடித் தேடிக் கொடுத்த கீரைகளில் பலதும் இனிக் கூடாது. மரக்கறியை வெட்டி ஊறவைத்து, அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். பருப்பைக் குறைக்க வேண்டும். அன்றிரவே பக்கத்தில் எழுதினேன், நான் போட்டதெல்லாம் எல்லாருக்கும் பொருந்தாது, அவரவர் டொக்டரைக் கேட்டுச் சாப்பிடுங்கள் என்று. பலருக்கு ஏமாற்றம். 'அப்ப எதைத்தான் ஐயா சாப்பிடுறது?' என்று ஒருவர் எழுதினார். எனக்கும் அதே கேள்விதான்.

கடைசி வருசம் அவளுடைய கோப்பையைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருக்கும். கொஞ்சம் வெள்ளைச் சோறு, தண்ணீர் வடித்த புடலங்காய், ஒரு விரல் அகலத்துக்கு விரால் மீன். நிறுத்து வைத்துவிட்டு எதிரில் இருப்பேன். அவள் ஒரு சோற்றுமணி மிச்சம் விடாமல் சாப்பிடுவாள். காப்பு முழங்கை வரை ஏறி இறங்கும் அளவுக்கு மெலிந்துவிட்டாள். ஆனாலும் போனைப் பிடிப்பதை விடவில்லை. முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு எடுப்பாள். "நீர் படும், நான் எடுக்கிறன்" என்றால், "நீங்கள் எடுத்தால் ஆர் சாப்பிட்டுக் காட்டுறது?" என்பாள்.

மாரி தொடங்கிய ஒரு காலை. நான் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தேன். அவள் வழக்கம்போல வாசல் கதிரையில் இருந்தாள். "இஞ்சாருங்கோ, நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்யுது" என்றாள். நான் திரும்பிப் பார்த்தபோது முகம் வேர்த்திருந்தது. வாகனம் பிடித்து, மழைக்குள் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து நீட்டி வளர்த்தியபோது நான் அவளுடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விரல் போக மற்றதெல்லாம் இருந்தது. நான் காப்பாற்றியது அதைத்தான்.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலட்டைதான் சாப்பாடு கொண்டுவரும். நான் போக வேண்டாம் என்று தடுத்த வீடுகளில் இருந்துதான் எல்லாம் வந்தது. சோறு, பருப்பு, சொதி, பெரிய கேத்தல் நிறையத் தேத்தண்ணி. யாரோ என் கையில் ஒரு பேணியைத் திணித்தார்கள். அவளுக்கு இல்லாதது எனக்கும் வேண்டாமென்று நானும் வருசக்கணக்காகச் சீனி விட்டிருந்தேன். ஒரு மிடறு குடித்தேன். இனித்தது. நன்றாக இருந்தது. மனிசியை வளர்த்தி வைத்துவிட்டு நாக்கு ருசி பார்க்கிறதே என்று எனக்கு என்மேல் வெறுப்பு வந்தது. ஆனால் பேணியைக் காலியாக்கிவிட்டுத்தான் வைத்தேன்.

மகளுக்கு வர வழியில்லை, அங்கே அவளுடைய குடியுரிமை அலுவல் முடியாமல் கிடந்தது. போனில்தான் எல்லாம் பார்த்தாள். அவள்தான் பக்கத்தில் தாய் போன செய்தியைப் போட்டாள். நூற்றுக்கணக்கில் அனுதாபம் வந்தது. அவற்றின் நடுவில் ஒரு பெண், செய்தியைப் பார்க்காமலோ என்னவோ, 'ஐயா, அந்தக் குரக்கன் கொழுக்கட்டைக்கு மா குழைக்க எவ்வளவு தண்ணி?' என்று கேட்டிருந்தாள். ஒரு பேணி மாவுக்கு முக்காற் பேணி கொதிதண்ணீர், ஒரேயடியாக விடவேண்டாம் என்று பதில் எழுதினேன். அன்றைக்கு என்னிடம் யாரும் கேட்டவற்றில் எனக்குப் பதில் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்.

எட்டுச் செலவுக்கு முதல்நாள் மச்சாள் என்னிடம் வந்து இருந்தார். மனைவியின் அக்கா, புளியங்குளத்தில் இருப்பவர், என்னை விட இரண்டு மூன்று வயது கூட. எட்டாம் நாள், போனவருக்கு என்னென்ன விருப்பமோ அவ்வளவும் சமைத்து வீட்டுக்குள் படைக்க வேண்டும். மீன், இறைச்சி என்று விலக்கில்லை. குடிக்கிற ஆளென்றால் அதுவும் ஒரு பேணியில் வைப்பார்கள். அவர் வந்து ஆசைதீரச் சாப்பிட்டுவிட்டுப் போவார் என்பது நம்பிக்கை.

"தம்பி, மாங்குளத்துக்குச் சாமான் வாங்க ஆள் போகுது. என்னென்ன செய்ய வேணும் எண்டு சொல்லுங்கோ."

"நீங்கள் பாத்துச் செய்யுங்கோ அக்கா."

"வழமையானதுகளை நான் செய்வன். அவளுக்கு விருப்பமானது என்ன?"

"குரக்கன் பிட்டு" என்றேன். "பாவற்காய்ச் சம்பல். வல்லாரையும் சாப்பிடுவா."

மச்சாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை.

"அது நீங்கள் குடுத்தது, தம்பி. நான் அவளுக்கு விருப்பமானதைக் கேக்கிறன்."

ஒவ்வொரு கிளினிக்கிலும் அவளுக்குச் சீனி எவ்வளவு என்று கேட்டால் சொல்லுவேன். எது கூடாது, எது ஆகும், எது எவ்வளவு என்று நித்திரையிலும் சொல்லுவேன். என்ன பிடிக்கும் என்பது தெரியாது. வருத்தம் வருவதற்கு முன்னால், "இண்டைக்கு என்ன சமைக்க?" என்று காலையில் கேட்பாள், நான் சொல்வேன், சமைப்பாள். வருத்தம் வந்த பிறகு அதையும் கேட்கவில்லை. மகளை அழைத்துக் கேட்டேன். "அம்மா எல்லாம் சாப்பிடுவா அப்பா" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். பிறகு அழத் தொடங்கிவிட்டாள்.

"கொழுக்கட்டை" என்றார் மச்சாள். "சின்னனிலையிருந்து அவளுக்கு அதுதான். கடிச்சால் சக்கரைப் பாகு முழங்கை வரைக்கும் வழியவேணும். வழிஞ்சதை நக்கிறதுக்கு அம்மாட்டை அடியும் வாங்கினவள்."

எனக்கு உயிர் வந்தது. "அது நான் செய்து குடுத்தனான் அக்கா. வீடியோவும் இருக்கு."

"பாத்தனான்." மச்சாள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "முந்தின வருசம் ஆடிக்கு என்னட்டை வந்தவளெல்லே. ரெண்டு கொழுக்கட்டை கோப்பையிலை வைச்சுக் குடுத்தன். ஒண்டை உடைச்சாள். மணந்து பாத்தாள். அப்பிடியே வைச்சிட்டாள். ஏனடி, ஒண்டு திண்டால் செத்துப் போவியோ எண்டு கேட்டன். 'சாகிறதுக்குப் பயமில்லை அக்கா. அந்த மனிசன் விடியக் காலமை எழும்பித் தராசோடை நிக்குது. அதை ஏமாத்த எனக்கு மனம் வரேல்லை' எண்டாள்."

நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போனேன். தண்ணீர் அள்ளி முகம் கழுவினேன். மணந்து பார்த்துவிட்டு வைத்திருக்கிறாள். அவள் அதை மணந்து பார்த்த அந்த நாட்களில்தான் நான் அவளுடைய பேணியை மணந்துகொண்டிருந்தேன். எனக்குத் தாங்கவில்லை. ஆனால் அழுகையும் வரவில்லை. திரும்பி வந்து, "கொழுக்கட்டை நான்தான் செய்வன்" என்றேன். மச்சாள் ஓமென்று தலையாட்டினார்.

மறுநாள் பின்னேரம் குசினி பெண்களால் நிறைந்துவிட்டது. ஒருவர் கோழி, ஒருவர் மீன், ஒருவர் வடை. எனக்கு ஒரு மூலை அடுப்பை விட்டுத் தந்தார்கள். குரக்கனைத் தொடவில்லை. வறுத்த வெள்ளை அரிசிமா எடுத்தேன். பயறு வறுத்து அவித்தேன். ஒரு முழுத் தேங்காய் திருவினேன், கணக்கில்லாமல். புதிதாக வாங்கிய சக்கரைக் கட்டி முழுசாகப் பக்கத்தில் இருந்தது. தராசைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்தேன். இன்றைக்கு நிறுவை இல்லை, கைதான் அளவு. சக்கரையை உடைத்து உடைத்துப் பயற்றுக்குள் போட்டேன். கை தாராளமாகப் போடுவதாகவே எனக்குப் பட்டது. போதும் என்று கண்ணுக்குப் பட்டதும் நிறுத்திக் குழைத்து, மாவைக் கோதாக்கி, உள்ளே வைத்து மூடி அவித்தேன்.

படையலுக்குச் சமைப்பதை ருசி பார்ப்பதில்லை. போனவர் சாப்பிடுவதற்கு முன்னால் ஒருவர் நாக்கிலும் படக்கூடாது. உப்புப் பார்க்கக் கைப்பழக்கத்தில் அகப்பையை உள்ளங்கைக்குக் கொண்டுபோன பெண்ணொருவரை மச்சாள் அதட்டினார். நானும் பார்க்கவில்லை.

அவள் படுத்திருந்த அறையில் தலைவாழையிலை போட்டுப் படைத்தோம். சோறு, கோழி, மீன், முட்டை, வடை, வெற்றிலை, நிறையச் சீனி போட்டு ஒரு பேணி தேத்தண்ணி. நடுவில் என்னுடைய கொழுக்கட்டைகள், சூடாக, ஒன்றின்மேல் ஒன்றாக. கற்பூரம் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வெளியே வந்து நின்றோம். அந்த நேரம் யாரும் கதைப்பதில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே அவள் கை முழங்கை வரை வழிய வழியச் சாப்பிடுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டு நின்றேன். அத்தனை நாளில் அந்தக் கொஞ்ச நேரந்தான் மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

கதவைத் திறந்து, சந்தியில் கொண்டுபோய் வைக்க வேண்டிய பங்கை எடுத்து அனுப்பிய பிறகு, மிச்சத்தை எல்லாருக்கும் பகிர்ந்தார்கள். மச்சாள் ஒரு கொழுக்கட்டையை எடுத்துக் கடித்தார். மென்றார். பிறகு கையில் மிச்சமிருந்த பாதியைத் திருப்பி உள்ளே பார்த்தார். ஒன்றும் வழியவில்லை.

"என்ன அக்கா?"

"இனிப்புக் காணாது, தம்பி."

நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன். பயறும் தேங்காய்ப்பூவும் வாய்க்குள் உலர்ந்து உதிர்ந்தன. குசினிக்குள் போய்ப் பார்த்தேன். சக்கரைக் கட்டியில் சரிபாதி அப்படியே இருந்தது. தராசில் வைத்து வெட்டினாலும் அவ்வளவு சரியாக வராது. அதை எடுத்துக்கொண்டு வந்து மச்சாளிடம் காட்டினேன். இன்னொருக்கால் செய்து படைக்கலாமா என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரியும். எட்டுக்குப் படைப்பது ஒருதரந்தான். அவள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மச்சாள் மற்றப் பாதியையும் வாய்க்குள் போட்டுச் சாப்பிட்டு முடித்தார். பிறகு கையைச் சேலையில் துடைத்துவிட்டு என் தோளைத் தொட்டார்.

"பறவாயில்லை தம்பி. அவளுக்குப் பழகினதுதானே."

ஆறுதலுக்குத்தான் சொன்னார்.